மீன் மேல் விழுந்த பழி

காகிதம் உள்ளே இருந்தது. மை தளும்பத் தளும்ப இருந்தது. பச்சை விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்படியிருந்தும் அந்தப் புதுப் பிரிண்டர் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. லோஜினி மறுபடியும் கட்டளையைத் தட்டினாள். பிரிண்டருக்காகக் காத்திருப்பதாகக் கணினி அதே பதிலைச் சொன்னது. காத்திருக்க அதற்கென்ன, அதற்கா வீடு போகப்போகிறது?

வீடு போகப்போவது பாப்பம்மாவுக்கு. சுவரோரக் கதிரையின் நுனியில், ஈரக் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷிதான் பாப்பம்மா. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவள். புருஷன் போய்ச் சேர்ந்தான், பிறகு முழங்கால் வலியால் அவளும் வேலையை விட்டாள். வேலைக்கு வராதவளுக்குத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் காம்பரா எதற்கு என்று தோட்ட நிர்வாகம் தீர்மானித்துவிட்டது. சனிக்கிழமை காலை ஆட்கள் வந்து கூரையைக் கழற்றுவார்கள் என்று நேற்றுத்தான் சொல்லியனுப்பினார்கள். இன்று வெள்ளிக்கிழமை. இன்றைக்குள் கண்டி நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்காவிட்டால் நாளை இரவு அவள் தலைக்கு மேல் வெறும் வானம்தான்.

சட்டத்தரணி நிரோஷினி இன்னொரு வழக்குக்காகக் காலையிலேயே நீதிமன்றம் போய்விட்டாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீதிபதி வந்து அமரும்போது பாப்பம்மாவின் சத்தியக் கடதாசி அவள் கையில் இருக்க வேண்டும். அவளுடைய உதவியாளரான லோஜினி, தமிழிலும் சிங்களத்திலுமாக அதைக் காலை முழுக்க இருந்து அடித்து முடித்திருந்தாள். காம்பராவின் படங்களும் அதே கோப்பில் இருந்தன. சுவரில் சாமி படம், அடுப்பில் புகை, பின்னால் போஞ்சிக்கொடி. பாப்பம்மா அங்கே இன்னும் வாழ்கிறாள் என்பதற்கு அவைதான் சாட்சி. அச்சிட்டு, கையெழுத்து வாங்கி, சமாதான நீதவானின் முத்திரை குத்தி, முச்சக்கரவண்டியில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் காரியம் முடிந்தது. அதில் முதல் வேலையே நடக்க மாட்டேன் என்றது.

சமாதான நீதவான் வெளியில் எங்கேயும் இல்லை, முன் மேசையிலேயே இருந்தார். மயில்வாகனம் என்று பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து தபால் கந்தோர் வேலைக்கு வந்தவர், ஓய்வுபெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. பொழுது போகாமல், கடதாசிகளை உறுதிப்படுத்தி முத்திரை குத்தும் அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டு, நிரோஷினியின் ஒபிஸில் ஒரு மேசை போட்டுக்கொண்டார்.

“உந்த மீனைக் கட்டிக்கொண்டு அழாதை எண்டு நான் அண்டைக்கே சொன்னனான் பிள்ளை,” என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்தபடி.

மீன் என்று அவர் சொன்னது கணினிக்குள் இருந்த இயங்குதளத்தை. கடைத்தெரு முழுக்க வைத்திருக்கும் விண்டோஸ் இல்லை அது. ஓபன்பிஎஸ்டி என்று பெயர், உப்பிப்போன பேத்தை மீன் ஒன்று அதன் சின்னம். கண்டியில் அதைப் பாவிக்கிற ஒபிஸ் இன்னொன்று இருந்தால் லோஜினிக்கே அதிசயமாக இருக்கும். போன வருடம் யாரோ கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து ஏறிய வைரஸ் ஒன்று ஒபிஸின் வழக்குக் கோப்புகளையெல்லாம் தின்று ஏப்பம் விட்டது. “வைரஸ் எழுதுறவனுக்கே இப்படி ஒண்ணு இருக்கிறது தெரியாது மிஸ்” என்று சொல்லி, இரவு பகலாகப் படித்து, இவள்தான் மீனைக் கொண்டுவந்து குடிவைத்தாள். கணினிக் கடைக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றிலிருந்து ஒபிஸில் எது பிழையாய்ப் போனாலும், மின்விசிறி கீச்சிட்டால்கூட, பழி மீன் மேல்தான் விழும். லோஜினிக்கு அது தன் பிள்ளையைத் திட்டுவதுபோல் சுருக்கென்று குத்தும்.

அதனால்தான் இன்றைக்கு அவள் அந்தக் கட்டளையைத் திரும்பத் திரும்பத் தட்டினாள். புதன்கிழமை இந்தப் பிரிண்டர் வந்தபோது, மீனோடு இது சேராது என்று எல்லாரும் சொன்னார்கள். அன்று சாயந்தரமே அவள் கம்பியில்லாமல் இணைத்து, ஒரு செவ்வரத்தம்பூப் படத்தை அச்சிட்டுக் காட்டினாள். மயில்வாகனமே எழும்பிவந்து பார்த்து “பரவாயில்லை” என்றார், அவர் வாயில் அது பெரிய பட்டம். மறுநாள், அதாவது நேற்று, ஒபிஸில் ஆயுத பூசை. மேசை, கணினி, கதவு, மயில்வாகனத்தின் முத்திரைக் கட்டை, புதுப் பிரிண்டர் என்று ஒன்றையும் விடாமல் லோஜினியே சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சுண்டல் சாப்பிட்டு, எதையும் தொடாமல் பூட்டிக்கொண்டு போனார்கள். இன்று காலை கணினி ஒழுங்காக எழும்பியது. பிரிண்டரோடு மட்டும் அதற்குப் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

கைபேசி அடித்தது. நிரோஷினி.

“லோஜி, பிரிண்ட் எடுத்தாச்சா?”

“இன்னும் இல்ல மிஸ். கொஞ்சம்...”

“என்ன கொஞ்சம்? இங்க லன்ச்சுக்கு எழும்பியாச்சு. திரும்ப உக்காந்ததும் முதல்ல நம்ம கேஸத்தான் எடுக்கிறதா சொல்லியிருக்காங்க. திங்கக்கிழமை வந்து அழுது பிரயோசனம் இல்ல, அதுக்குள்ள அந்தம்மாவுக்கு வீடு இருக்காது. விளங்குதா? இன்னைக்கு உன் மீன் காலை வாரிச்சுன்னா நாளைக்கே அதத் தூக்கி மகாவலி கங்கையில போட்டுருவேன்.”

வைத்துவிட்டாள். நிரோஷினி கோபக்காரி இல்லை. அவளே இப்படிப் பேசினால் அங்கே எப்படி இருக்கும் என்று லோஜினிக்குத் தெரியும்.

அவள் பிரிண்டரின் முகவரிக்கு ஓர் அழைப்பு அனுப்பிப் பார்த்தாள். பதிலே இல்லை. புதன்கிழமை இரவு, வெளியாட்கள் உள்ளே நுழையாதபடி மீனின் பாதுகாப்பு விதிகளை அவள் இறுக்கியிருந்தாள். அதுதான் வினையாகிவிட்டதோ? விதிகளைத் தளர்த்தினாள். பதில் இல்லை. ஒரேயடியாக நிறுத்தினாள். அப்போதும் இல்லை. அச்சு வேலையைக் கவனிக்கும் நிரலை நிறுத்தித் தொடங்கினாள், பிரிண்டரை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தாள், தேடச் சொன்னாள். ஒன்றும் தென்படவில்லை என்றது மீன். பிரிண்டரோ இரண்டு கை தூரத்தில், பச்சை விளக்கோடு, மங்களகரமாக வீற்றிருந்தது.

வயர் போட்டு இணைக்கலாம் என்றால் இதற்கு வயரே வரவில்லை. பழைய பிரிண்டரின் வயர் பழைய பிரிண்டரோடேயே போய்விட்டது. ரவுட்டருக்குள் புகுந்து பார்க்கலாம் என்றால், கடவுச்சொல் அதைப் பொருத்திவிட்டுப் போன பையனுக்குத்தான் வெளிச்சம்.

“கையாலை எழுதுவமே பிள்ளை?” என்றார் மயில்வாகனம். இந்தத் தடவை குரலில் கிண்டல் இல்லை.

“ரெண்டு பாஷையிலயும் எழுதி முடிக்கப் பொழுது சாஞ்சிரும் ஐயா. படத்தை எப்படி எழுதுறது?”

அவர் பேனாவை மூடி வைத்தார். லோஜினி பென்டிரைவை எடுத்தாள். வழக்குக் கோப்பு எதுவும் வெளிக் கடைக்குப் போகக் கூடாது என்பது ஒபிஸில் எழுதாத சட்டம். ஒருமுறை கடைக் கணினியில் மிச்சம் கிடந்த மனுவொன்று, நீதிமன்றம் போகுமுன்னே எதிர்த்தரப்பின் கைக்குப் போயிருக்கிறது. சட்டம் கிடக்கட்டும் என்று நினைத்தாள். படியிறங்கி, மழையில் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, பிரிண்டும் போட்டோகொப்பியும் எடுத்துக் கொடுக்கும் முஹைதீன் நானாவின் கொமியூனிகேஷன் கடைக்கு ஓடினாள்.

கடை இழுத்துச் சாத்தியிருந்தது. பக்கத்துக் கடையும் அப்படித்தான். அதற்கடுத்ததும். தெரு முழுக்க இரும்புக் கதவுகள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பா உரை கேட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் என்பது கட்டுகஸ்தோட்டையில் பிறந்த பூனைக்குக்கூடத் தெரியும், பதற்றத்தில் இவளுக்கு மறந்துபோயிற்று. தொழுகை முடிந்து நானா வந்து கதவைத் திறக்கிற நேரத்தில் நீதிபதி உட்கார்ந்துவிடுவார். மழை முகத்தில் அடித்தது. நடுத்தெருவில் நின்று ஓவென்று அழவேண்டும்போல் இருந்தது. அழுதால் நேரம் போகும் என்று திரும்பி ஓடினாள்.

பாப்பம்மா கதவருகில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஈரம் சொட்டச் சொட்ட வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

“நான் காலையில எதுக்க வந்ததுதான் புள்ள,” என்றாள் மெல்ல. “நீ கதவத் தொறக்கிற நேரம் நான்தானே மொத ஆளா வந்து நின்னேன். தாலியறுத்தவ முகத்துல முழிச்சா மிசினு எப்படி ஓடும்?”

“பெரியம்மா, வாயக் கழுவுங்க!” லோஜினிக்குச் சட்டென்று கோபம் பொங்கியது. பாப்பம்மா மேல் இல்லை, இப்படி நினைக்கப் பழக்கிய உலகத்தின் மேல். “மிசினுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல. பிழை என் மேல. என்னான்னுதான் புரியல்ல.”

சொல்லிக்கொண்டே கைபேசியைக் கையில் எடுத்தாள். இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று பிறகு நாள் முழுக்கத் தன்னைத் திட்டிக்கொண்டாள். மீன்தான் குற்றவாளி என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளும் அதை நம்பிவிட்டிருந்தாள். கைபேசியில் மீன் கிடையாது. சந்தியில் வாங்கிய சாதாரணக் கைபேசி, யாருக்கும் தலைவணங்கும் சாதி. அதே வைஃபையில் அதைப் பிரிண்டரைத் தேடச் சொன்னாள். வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. பிரிண்டர் எதுவும் கிடைக்கவில்லை.

“ஐயா!” என்று கத்தினாள். “மீன் மேல பிழை இல்ல! பிரிண்டர் வைஃபையிலயே இல்ல!”

“பிறகேன் உந்தப் பச்சை லைட் எரியுது?”

“அது கரண்ட் லைட்டு. வைஃபைக்கு வேற லைட் இருக்கணும்.”

கணினியில் பிரிண்டரின் கையேட்டைத் திறந்தாள். படத்தில் பிரிண்டரின் முகத்துக்கு நட்டநடுவே ஒரு சின்ன வட்டப் பொத்தான் காட்டியிருந்தது. வைஃபை இருந்தால் அதற்குள் நீல விளக்கு நின்று எரியும், தொடர்பு இல்லையென்றால் விட்டுவிட்டு எரியும். திரும்பிப் பிரிண்டரைப் பார்த்தாள். அந்த இடத்தில் பொத்தான் எதுவும் இல்லை. வேறு மாதிரி பிரிண்டரின் படத்தைப் பார்க்கிறேனோ என்று குழம்பி, மறுபடி கையேட்டுக்குப் போனாள்.

அதற்குள் பாப்பம்மா பிரிண்டருக்கு முன்னால் போய் நின்றாள். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. தாலியறுத்தவள் கும்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. அதன் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “தாயே, ஒரு ராத்திரியாவது என் வீட்ட விட்டு வையி” என்றாள். காய்ந்திருந்த சந்தனத்தில் ஒரு சில்லு பெயர்ந்து மேசையில் விழுந்தது. பெயர்ந்த இடத்தில் நீலமாக ஏதோ மினுக்கென்று எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது.

“ஆத்தாடி, கண்ணு முழிக்கிது!” என்று பாப்பம்மா பின்வாங்கினாள்.

லோஜினி எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது. நேற்றைய சாயந்தரம் அப்படியே கண்முன் வந்து நின்றது. மற்றதிலெல்லாம் பொட்டு வைக்க இடம் தேடவேண்டியிருந்தது. இந்தப் பிரிண்டருக்கு மட்டும், பொட்டு வைக்கவென்றே செய்ததுபோல், முகத்தின் நடுவில் வழவழவென்று ஒரு வட்டம் இருந்தது. லேசாக வைத்தால் காய்ந்து உதிர்ந்துவிடும், அழுத்தி வை என்று அம்மா பழக்கியிருந்தாள். அவள் பெருவிரலால் அழுத்தி, கண்ணை மூடி, இது ஒரு குறையும் இல்லாமல் ஓடவேண்டும் என்று சரஸ்வதியிடம் நிதானமாக வேண்டிக்கொண்டாள். அந்தப் பொத்தானை அவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தால் பிரிண்டர் வைஃபையை மறந்துவிடும் என்று கையேட்டில் அடுத்த வரியிலேயே எழுதியிருந்தது. வேண்டிக்கொண்ட நேரத்திலேயே அவள் காரியத்தைக் கெடுத்துவிட்டிருந்தாள்.

சந்தனம் பொத்தானின் இடுக்கெல்லாம் இறங்கிக் காய்ந்து பிடித்திருந்தது. அழுத்திப் பார்த்தாள். பொத்தான் அசையவில்லை. பொட்டைச் சுரண்டி எடுத்தால்தான் உண்டு.

அவள் விரல் பொட்டுக்கு முன்னால் போய் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை. மங்களமாக வைத்த பொட்டு. தைமாதம் அவளுக்குக் கல்யாணம், பந்தல்காரனுக்குக்கூடச் சொல்லியாயிற்று. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அவளே எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறாள். வாதாடியது நாக்கு, பயந்தது விரல். தன்னைப் பார்த்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. விரல் அப்படியும் நகரவில்லை.

பாப்பம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டை அழிக்கத் தயங்குகிற கையை ஒரு பெண்பிள்ளைக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

“அழிக்கணுமா புள்ள?”

“ம்.”

“அழிச்சா வேல செய்யுமா?”

“செய்யும் பெரியம்மா.”

“அப்ப நீ கைய எடு. தையில கல்யாணம்னு ஐயா சொன்னாரு. ஒன் கையால அழிக்காத.” அவள் லோஜினியை மெல்லத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். “எங்கிட்ட விடு. எனக்கு அழியறதுக்கு இனி என்ன இருக்கு?”

மழையில் நனைந்திருந்த முந்தானையால் அவள் அந்தப் பொட்டைத் துடைத்தாள். காய்ந்தது போகவில்லை. நகத்தால் சுற்றிச் சுரண்டினாள், மறுபடி துடைத்தாள். குங்குமம் கரைந்து அவள் பெருவிரலெல்லாம் சிவப்பாயிற்று. நீல விளக்கு முழுசாகத் தெரிந்து விட்டுவிட்டு எரிந்தது. வேறு நேரமென்றால் லோஜினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள்.

கடவுச்சொல் கேட்காமலே இரண்டையும் சேர்த்துவைக்கும் ரவுட்டரின் பின்புறத்துப் பொத்தானை அழுத்திவிட்டு ஓடிவந்து இதை அழுத்தினாள். விளக்கு படபடவென்று துடித்தது. பிறகு நின்று எரிந்தது.

கணினியில் கட்டளையைத் தட்டினாள். காத்திருக்கிறது என்றது மீன்.

“ஐயோ, இன்னும் என்ன?” என்றார் மயில்வாகனம், தன்னை மறந்து.

“புதுசா சேர்ந்ததால முகவரி மாறியிருக்கும் ஐயா. பொறுங்க... பொறுங்க...” வலையமைப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று மீனிடம் கேட்டாள். மூன்று பெயர். ஒன்று ரவுட்டர், ஒன்று அவளது கைபேசி. மூன்றாவது யார் என்று கேட்கத் தேவையில்லை. அந்த எண்ணைப் பிரிண்டரின் முகவரியாகக் கொடுத்தாள்.

உள்ளே எங்கோ ஒரு பல்சக்கரம் கரகரத்தது. காகிதம் ஒன்று இழுபட்டு உள்ளே போயிற்று. போய், அங்கேயே நின்றது. பிறகு மைத்தலை இடமும் வலமுமாக ஓடத் தொடங்கியது, ‘சத்தியக் கடதாசி’ என்ற தலைப்பு மெல்ல மெல்ல வெளியே வந்தது. மயில்வாகனம் பிரிண்டரைப் பார்த்து, ஒரு மேலதிகாரிக்குச் செய்வதுபோல், எழுந்து நின்றார்.

எழுத்துப் பக்கங்கள் வேகமாக விழுந்தன. படப் பக்கங்களோ உயிரை வாங்கின. போஞ்சிக்கொடிக்குப் பச்சை பூசி முடிக்குமுன் நிரோஷினி இரண்டு தடவை அழைத்துவிட்டாள். பாப்பம்மா கையெழுத்து வைத்தாள். ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி, எந்த எழுத்தும் எந்த எழுத்தின் மேலும் இடிக்காமல் எழுதினாள். கையை எடுத்தபோது பக்கத்தின் ஓரத்தில் சிவப்பாகப் பெருவிரல் பதிந்திருந்தது.

“அய்யய்யோ, கடுதாசியக் கெடுத்துட்டேனே!”

லோஜினி மயில்வாகனத்தைப் பார்த்தாள். கடதாசியில் ஒரு கமா சாய்ந்திருந்தால்கூடத் திரும்ப அடித்துக்கொண்டு வா என்கிற மனுஷன் அவர். அவர் கண்ணாடியை இறக்கி அந்தச் சிவப்பைப் பார்த்தார்.

“உது கிடக்கட்டும்,” என்றார். முத்திரையை எடுத்துப் பலமாகக் குத்தினார். “ஓடு பிள்ளை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓடு.”

பாலத்தில் வழக்கம்போல் நெரிசல். முச்சக்கரவண்டிக்காரன் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே நுழைந்து, ஒரு லொறிக்காரனிடம் சிங்களத்தில் வசவு வாங்கி, எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தான். நீதிமன்ற வாசலில் நிரோஷினி கறுப்புக் கோட்டோடு நனைந்துகொண்டு நின்றாள். கோப்பை வாங்கியவள் உள்ளே ஓடினாள். பாப்பம்மாவும் லோஜினியும் கடைசி வாங்கில் உட்கார்ந்தார்கள். பேசியது பாதி விளங்கவில்லை. நீதிபதி படப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியது மட்டும் தெரிந்தது. ஒரு பக்கத்தை மட்டும் புரட்டாமல் நீண்ட நேரம் பார்த்தார். லோஜினியின் கையைப் பாப்பம்மா வலிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தாள்.

விசாரணை முடிந்து மூவரும் வெளியே வந்ததும் நிரோஷினி நேராகப் பாப்பம்மாவிடம் திரும்பினாள். “கெடச்சிருச்சும்மா. வழக்கு முடியிற வரைக்கும் யாரும் கூரையில கை வைக்க ஏலாது.”

“அப்ப நாளைக்கு ஒடைக்க மாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

பாப்பம்மா நீதிமன்றப் படியிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, சத்தமாகவே அழுதாள். லோஜினியும் அழுதாள். நிரோஷினி மட்டும் மேலே கூரையிலிருந்து ஒழுகுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாப்பம்மாவின் பையும் குடையும் ஒபிஸிலேயே கிடந்ததால் ஹேவாஹெட்ட பஸ்ஸுக்குப் போகுமுன் இருவரும் அங்கே திரும்ப வேண்டியிருந்தது. ஜும்மா முடிந்து கடைகளெல்லாம் திறந்திருந்தன. பிரிண்டர் நீல விளக்கோடு, வெறும் நெற்றியோடு இருந்தது. லோஜினி சாமித் தட்டிலிருந்த சந்தனக் கிண்ணத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பாப்பம்மாவிடம் நீட்டினாள்.

“நீங்களே வச்சிட்டுப் போங்க பெரியம்மா.”

பாப்பம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “என்ன புள்ள நீ, நான் வைக்கக் கூடாது. ஐயா வேற இருக்காரு.”

மயில்வாகனம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவர் என்ன சொல்வாரோ என்று லோஜினி கிண்ணத்தோடு திரும்பினாள். அவர் மேசையில் இருந்த முத்திரைக் கட்டையை முன்னுக்குத் தள்ளினார்.

“இதிலையும் உதிர்ந்துபோச்சு அம்மா,” என்றார். “அதுக்கு வைச்சிட்டு இதுக்கும் ஒண்டு வையுங்கோ.”

பாப்பம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டாள். பிரிண்டருக்கு முன்னால் கொண்டுபோய், எங்கே என்று தெரியாமல் நிறுத்தினாள்.

“எங்க புள்ள வைக்க?”

“எங்க வேணும்னாலும் வைங்க பெரியம்மா,” என்றாள் லோஜினி. “லைட்டு மேல மட்டும் வேணாம்.”